மீசையும் மூக்குத்தியும் விடியாத ஞாயிறும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நானும் என் கணவரும் ஒரே சுவிச்சை அணைக்க ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.

வரவேற்பறை லைற் சுவிச். இரண்டு கைகளும் சுவரில் முட்டிக்கொண்டன. என் கை ஏன் அங்கே போனது என்பது எனக்குத் தெரியும். அவருடைய கை ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. என்னுடைய காரணமோ அவருக்குத் தெரியவே தெரியாது.

“கண்ணுக்குக் குத்துது,” என்றார், மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டபடி.

வீட்டுக்குள் மப்ளர். ஹீற்றரோ நாங்கள் வேர்க்கும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கும்தான்,” என்றேன்.

லைற் அணைந்தது. மேசையில் கிடந்த ரெலிபோன் அதிரத் தொடங்கியது. பருத்தித்துறையிலிருந்து மாமி, அவருடைய அம்மா, வீடியோவில்.

இருட்டோடு ஒரு பழைய பகை

கனடா வந்த கதையை இத்தனை வாரமாக எழுதுகிறீர்கள், பனியைப் பற்றி எழுதினீர்கள், பனிச் சப்பாத்தைப் பற்றி எழுதினீர்கள், இருட்டைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று மோர்னிங்சைட் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கடையில் மரவள்ளிக்கிழங்கு முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னை மறித்து நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. பனியைச் சவளால் அள்ளி ஒதுக்கலாம். இருட்டை எங்கே ஒதுக்குவது?

என் முதல் டிசம்பரில் நடந்ததை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுச் சரிந்தேன். கண் விழித்தபோது ஐந்தரை. வெளியே கும்மிருட்டு. ஐயோ, விடியப்போகுதே, வேலைக்குப் பிந்திவிட்டேனே என்று பதறி எழும்பிப் பல் விளக்கி, முகம் கழுவி, பாணுக்குப் பட்டர் பூசிக் கட்டிக்கொண்டு பஸ் தரிப்பில் போய் நின்றேன்.

பஸ்ஸில் இருந்த எல்லோருடைய முகமும் வேலை செய்து களைத்த முகமாக இருந்தது. காலையிலேயே இப்படி என்றால் இந்தச் சனங்கள் பின்னேரம் எப்படி இருப்பார்கள் என்று அவர்களுக்காக இரங்கினேன். வேலைத்தலத்தின் பூட்டிய கதவைத் தட்டியபோதுதான் எனக்கு நானே இரங்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து இந்த நாட்டுச் சூரியனை நான் நம்புவதில்லை. நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதன் பிறகு பின்னேரம் என்று ஒன்று இல்லை. தேத்தண்ணி வைக்கும்போது வெளிச்சம். குடித்து முடிக்கும்போது இருட்டு.

மாமி இதை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. அவர் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மாலை ஐந்தரைக்கு அழைப்பார். கோடையில் அது எங்களுக்குக் காலை எட்டு மணி. நவம்பர் வந்ததும் ஏழு மணி.

“மணிக்கூட்டைத் திருப்பினால் சூரியன் கேக்குமோ பிள்ளை?”

“கேக்காது மாமி. அதுதான் இஞ்ச இருட்டு.”

“ஏழு மணிக்கு இருட்டாம்! ஆருக்குக் கதை விடுறியள்?”

கார் கைமாறும் நேரம்

சொல்லப்போவது சில குளிர்காலங்களுக்கு முந்திய சங்கதி. என் கணவர் ரவி அப்போது பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை. ஜன்னலே இல்லாத கட்டடம். விடியமுன் போய், பொழுதுபட்ட பின் வருவார். நான் அஜக்ஸில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் மாலை வேலை. எங்களிடம் இருந்தது ஒரே கார்.

ஆகவே கிழமையில் ஆறு நாட்கள் நாங்கள் சந்திக்கும் இடம் எங்கள் கட்டடத்துக் கார்த் தரிப்பிடம். மாலை ஐந்து மணி, நல்ல இருட்டு. அவர் இறங்குவார், நான் ஏறுவேன். இருவரும் தொப்பி, மப்ளர், ஜாக்கெற்றின் தலைமூடி எல்லாம் போட்டுக் கண்ணை மட்டும் வெளியே விட்டிருப்போம்.

“சோறு அடுப்பில.”

“பெற்றோல் அடிச்சிருக்கு.”

அவ்வளவுதான் எங்கள் இல்லறம். ஒருநாள் பக்கத்தில் நின்ற வேறு காரிலிருந்து இறங்கிய மனிதரிடம், “கருவாடு பொரிச்சு வைச்சிருக்கு, பூனை மாதிரி முழுக்கத் தின்னாதேங்கோ,” என்று சொல்லிவிட்டேன். அவர் சீனர். மிக மரியாதையாகத் தலையாட்டினார்.

முதலில் மூக்கு

நவம்பர் கடைசியில் முதல் பெரும்பனி கொட்டிய நாள். காருக்குள் ஏறமுன் வெளியே நின்றபடியே மப்ளரை அவசரமாக உருவினேன். கம்பளி நூல் மூக்குத்தியில் மாட்டி இழுத்தது. ‘சுருக்’ என்றது. அடுத்த கணம் மூக்கு வெறுமை.

கல்யாணத்தன்று மாமி தன் மூக்கிலிருந்து கழற்றி எனக்குப் போட்ட வெள்ளைக்கல் மூக்குத்தி. பின்னால் முடுக்கும் சுரை தேய்ந்து தளர்ந்திருந்தது. “உதைக் கழட்டி வையும், ஒருநாளைக்கு விழப்போகுது,” என்று ரவி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விழாது என்று நான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைத்தது பாதித் துயரம். அவர் சொன்னது சரியாகிப்போனது மீதித் துயரம்.

ரெலிபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்று பனியைக் கிளறினேன். பனி முழுவதும் வெள்ளைக் கல்லாக மினுங்கியது. ஒரு பெரிய தரிப்பிடம் நிறைய மூக்குத்திகள். அதில் என்னுடையது ஒன்று. வேலைக்கும் பிந்தியதுதான் மிச்சம்.

மறுநாள் காலை அழுதுகொண்டு பிலோ அக்காவிடம் போனேன். எங்கள் தளத்திலேயே மூன்றாவது கதவு. மன்னார்க்காரி. மாதா கோயில் பூசைக்குத் தவறாமல் போகிறவர். ஆனால் ஒரு குறும்பு அகப்பட்டால் பூசையைக் கொஞ்சம் பிந்திக்கொள்ளத் தயங்காதவர். என் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் ஓர் அட்டையோடு வந்தார். வெள்ளைக் கல் வைத்த ஒட்டுப்பொட்டுகள், மிகச் சின்னது.

“உந்த மனுசன் உன்னைப் பாக்கிறதே இருட்டுக்க. இது போதும்.”

“பொய்யெல்லே அக்கா?”

“பொட்டு எப்ப பொய்யானது? நெத்திக்கு வைக்கிறதை ரெண்டு இஞ்சு கீழ வைக்கிறாய். அவ்வளவுதான்.”

மூன்று கிழமை பொட்டு என் மானத்தைக் காத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியின் அழைப்பு வரும்போது மட்டும் தலையிடி என்று சொல்லி லைற்றை அணைத்துவிடுவேன். அழைப்பு முடிந்ததும் அவர் கிழமைக் களைப்போடு படுத்தால் பொழுதுபடத்தான் எழும்புவார். ரவி கண்டுபிடிக்கவில்லை. ஆறுதலாக இருந்தது. நாட்போக்கில் அந்த ஆறுதலுக்குள் ஒரு சின்ன முள்ளும் வளர்ந்தது. மூன்று கிழமை! ஒரு மனிதன் தன் மனைவியின் முகத்தை மூன்று கிழமையாக வடிவாகப் பார்க்கவில்லையா? அகப்படக்கூடாது என்றும் இருந்தது. ஒருமுறை அகப்பட்டால் என்ன என்றும் இருந்தது.

பிறகு மீசை

மேலே சொன்ன ஞாயிற்றுக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், பிலோ அக்கா கதவைத் தட்டினார். உள்ளே வரமுன்னமே சிரித்தார்.

“உன்ர மனுசன் பத்து வயசு குறைஞ்சு போனார்.”

“என்னக்கா?”

“மீசை எங்க? நேற்று லிப்டில மப்ளர் சறுக்கிப்போச்சு. நான் கண்டிட்டன். ‘அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ’ எண்டு கும்பிட்டார். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்கு மட்டும்தான்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ரவியின் மீசை சாதாரண மீசை அல்ல. பதினெட்டு வயதில் முளைத்த நாளிலிருந்து ஒருமுறைதான் மழித்திருக்கிறார், மாமா செத்தபோது. தாயோ தகப்பனோ போனால்தான் மீசை எடுப்பது என்பது மாமியின் சட்டம். மாமி கல்லுப்போல உயிரோடு இருக்க மீசையைக் காணவில்லை என்றால் என்ன நடக்கும் என்று நினைக்கவே எனக்கு இனித்தது.

ஆனால் கேட்க முடியாதே! “மீசை எங்கே?” என்று அவர் முகத்தைக் காட்டிக் கேட்டால், அவர் என் முகத்தைப் பார்ப்பார். பார்த்தால் பொட்டு. ஆகவே மூக்கைக் காப்பாற்ற மீசையை மன்னித்தேன். அன்று பொழுதுபோகாமல், புண்ணியமாகப் போகட்டும் என்று, வரவேற்பறைத் திரைச்சீலைகளையும் கழற்றித் தோய்த்துப் போட்டேன்.

அந்தத் திரைச்சீலைகளை நான் தோய்த்திருக்கக்கூடாது.

சூரியன் வந்த வழி

எங்கள் வீடு பதினோராம் மாடி. கிழக்குப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவு. ஆனாலும் எனக்குப் பயம் இருக்கவில்லை. ஒன்பது நாட்களாக வானம் சாம்பல் பூசிக்கொண்டு கிடந்தது. மாமியின் அழைப்பும் வழக்கமாகக் கால் மணித்தியாலம்தான். விடியமுன்னம் முடிந்துவிடும்.

அன்று முடியவில்லை. பக்கத்துக் காணிக்காரன் வேலியை அரை முழம் தள்ளிப் போட்டுவிட்டான். மாமி ஒவ்வொரு வேலித்தடியாக, கதியால் கதியாலாக விளக்கினார்.

“எட்டாவது கதியால் இருக்கெல்லே, அது பூவரசு. அதை இவன் என்ன செய்தவன் தெரியுமோ...”

சோபாவின் ஒரு முனையில் நான், மறு முனையில் அவர். நடுவில் ரெலிபோன், திரையில் மாமி. ஊர் மாலை வெயில் மஞ்சளாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வெறும் கறுப்பு.

“பிள்ளை, குரல்தான் கேக்குது. ஆளைக் காணேல்லை.”

“இன்னும் விடியேல்லை மாமி.”

“தம்பி நிக்கிறானோ?”

“நிக்கிறன் அம்மா,” என்றது மப்ளருக்குள்ளிருந்து ஒரு குரல்.

பன்னிரண்டாவது கதியாலில் கீழ்வானம் நீலமானது. இருபதாவதில் இளஞ்சிவப்பு. ஒன்பது நாள் மூடிக்கிடந்த வானம் அன்றைக்குப் பார்த்துத் துடைத்துவிட்டது போல இருந்தது. ஊரில் மாமியின் முகம் மங்கிக்கொண்டு வந்தது. இங்கே எங்கள் முகங்கள் மெல்ல மெல்லக் கழுவப்பட்டு வெளியே வந்தன. ரவி என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தோம்.

“அம்மா, எனக்கு ஒரு அலுவல்...”

“இரு மோனை, வேலிக் கதை இன்னும் கோர்ட்டுக்கு வரேல்லை.”

அப்போது சூரியன் எழுந்தது. பல்கனியில் முழங்காலளவு பனி. அதில் பட்டுத் தெறித்த வெயில் திரைச்சீலை இல்லாத கண்ணாடியால் நேரே உள்ளே வந்தது. கல்யாண வீட்டு வீடியோக்காரன் லைற் பிடித்ததுபோல இருந்தது. ரவிக்குக் கண் கூசித் தும்மல் வந்தது. தும்மலில் மப்ளர் கழுத்துக்கு இறங்கியது.

திரையில் மாமி விறாந்தை லைற்றைப் போட எழும்பியவர், அப்படியே நின்றார்.

“மோனை. உன்ர மீசை எங்க?”

ரவி மப்ளரை மறுபடி மேலே இழுத்தார்.

“நான் சாகேல்லை! இஞ்ச பார், நிக்கிறன்! வேலி அளந்துகொண்டு குத்துக்கல்லா நிக்கிறன்! அதுக்குள்ள வழிச்சுப்போட்டு இருக்கிறியோடா?”

“அம்மா, அது...”

“என்ர செத்தவீட்டுக்கு இப்பவே ஆயத்தமோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அடக்க மூக்கு விடைத்தது. அங்கேதான் பிழை நேர்ந்தது. மாமியின் பார்வை நகர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார். அவருடைய ஒற்றைக் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“பிள்ளை, ஏன் மூக்கில பொட்டு ஒட்டியிருக்கிறாய்?”

ரவி திரும்பினார். மூன்று கிழமைக்குப் பிறகு என் கணவர் என் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். விரலை நீட்டிப் பொட்டைத் தொட்டார். அது கழன்று அவர் விரலோடு போய்விட்டது.

மாமியின் தீர்ப்பு

நான் அழுதேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். மப்ளர், பனி, முழங்கால், பிலோ அக்கா எல்லாம். மாமி திட்டுவார் என்று காத்திருந்தேன். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவ்வளவுதானோ?” என்றார்.

“மாமி?”

“வேற ஒண்டும் இல்லையோ? வடிவாச் சொல்லுங்கோ. முதல் கிழமை இருட்டாக் கிடந்தது. கனடாவில கரண்டை வெட்டிப்போட்டாங்களாக்கும் எண்டு நினைச்சன். ரெண்டாம் கிழமை உங்களுக்குள்ள ஏதோ எண்டு நினைச்சன். ஒருத்தர் கதைக்க மற்றவர் கதைக்கிறியள் இல்லை. ஒரு படத்துக்க ரெண்டு முகத்தையும் சேத்துப் பாத்து எத்தினை நாள்? மூண்டு கிழமையாப் பிள்ளையாருக்கு விளக்கு வைச்சுக்கொண்டு திரியிறன்.”

எங்களுக்கு விளையாட்டாக இருந்த அந்தக் கறுப்புத் திரையை அந்த மனுசி மூன்று கிழமை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“கிட்டக் கிட்ட இருங்கோ. ஓம், அப்பிடி. இனி மீசை முளைக்கும். மூக்குத்தி போனால் போகட்டும், மூக்குக் கிடக்குத்தானே.”

பிறகு சற்று வெட்கத்தோடு சொன்னார். “கரண்ட் இல்லை எண்டு நினைச்சு ஒரு சோலார் லாம்பு வாங்கி அனுப்பிப்போட்டன். ஊருக்கு வந்து நிண்ட எங்கட செல்லத்துரை அஜக்ஸுக்குத் திரும்பினவர், அவரிட்டக் குடுத்தது. பகல் வெய்யில்ல வைச்சால் இரவு முழுக்க எரியுமாம்.”

அழைப்பு முடிந்த பின் தேத்தண்ணி வைத்தேன். ரவி மேசையில் இருந்து மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“என்னெண்டு போனது?” என்று கேட்டேன்.

“வெட்டினனான். ஒரு பக்கம் கூடிப்போச்சு. மற்றப் பக்கத்தைச் சரிப்பண்ண அது கூடிப்போச்சு. ரெலிபோன் வெளிச்சத்தில என்ன தெரியும்?”

“ஏன், குளியலறை லைற்றுக்கு என்ன?”

“போட்டால் உம்மட முகத்தில அடிக்கும். நீர் அப்பதான் வந்து படுத்திருப்பீர்.”

அதை அவர் ஒரு பெரிய விசயமாகச் சொல்லவில்லை. பிஸ்கற்றை நனைத்தபடி சொன்னார். மீசையை வைத்து அவரைக் கேலி செய்ய நான் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் அந்த இடத்திலேயே தீர்ந்துபோயிற்று. பாதி தீர்ந்தது என்று சொல்வதுதான் உண்மை. மீதியை அடுத்த வருடம் முழுவதும் பாவித்தேன்.

“நீர் சிரிக்கேக்க பொட்டு ஆடினது,” என்றார். “முதல் கிழமையே கண்டனான். புது ஸ்டைலாக்கும் எண்டு விட்டிட்டன்.”

லாம்பு

அடுத்த சனிக்கிழமை, எனக்கு லீவு கிடைத்த நாள், அஜக்ஸிலிருந்து பொதி வந்தது. மிளகாய்த்தூள், பனங்காய்ப் பணியாரம், நடுவில் பழைய சேலையில் சுற்றிய சோலார் லாம்பு. கண்ணாடிக் கூடு, உச்சியில் ஒரு கறுப்புத் தகடும் கைபிடியும்.

கண்ணாடிக் கதவோரம் வைத்தேன். வானம் மறுபடி சாம்பல் பூசிக்கொண்டது. பகல் முழுவதும் வெயிலுக்குக் காத்திருந்த லாம்பு, பின்னேரம் சுவிச்சை அழுத்தியபோது ஒருதரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. அதுவும் இந்த நாட்டுச் சூரியனை நம்பி ஏமாந்த இன்னொரு சீவன்.

ஆனால் விடிந்தால் ஞாயிறு. மாமி லாம்பு எரிவதைப் பார்க்கக் கேட்பார். அத்தனை தூரம் சேலையில் சுற்றி அனுப்பியவரிடம் எரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

“நான் பின்னால குந்தியிருந்து ரெலிபோன் லைற்றைப் பிடிக்கிறன்,” என்றார் ரவி.

“மாமி ரெண்டு முகமும் ஒண்டா வேணும் எண்டு சொன்னவ.”

இருவரும் யோசித்தோம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் எழும்பி மூன்றாவது கதவைத் தட்டப் போனோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிலோ அக்கா பூசைக்கு உடுத்த நல்ல உடுப்போடு, தடித்த ஜாக்கெற்றும் போட்டுக்கொண்டு, எங்கள் மேசைக்குப் பின்னால் முழங்காலில் நின்றார். கோயிலில் நிற்பதை இங்கேயே தொடங்கிவிட்டேன் என்றார். ரெலிபோன் லைற்றை லாம்பின் முதுகில் பிடித்தார். கண்ணாடிக் கூடு பளீரென்று எரிந்தது. நானும் ரவியும் அதற்கு முன்னால் தோளோடு தோள் முட்டிக்கொண்டு இருந்தோம்.

மாமி திரையில் வந்தார். எங்களைப் பார்த்தார், லாம்பைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். அவருடைய முகம் முழுவதும் மலர்ந்தது.

“பாத்தியளே! இதுக்குத்தான் நல்ல சாமானா வாங்கினனான். என்ன வெளிச்சம்!”

“ஓம் மாமி. ராத்திரி முழுக்க எரிஞ்சது.”

“கனடா வெய்யிலுக்கே இப்பிடி எரியுதெண்டால், இஞ்ச எப்பிடி எரியும்!”

அவ்வளவும் நன்றாகத்தான் போனது. வேலிக் கதை கோர்ட்டுக்கு வந்தது. பத்து நிமிடம் தாண்டியது. பிலோ அக்காவின் முழங்கால் நடுங்கியது. லாம்பின் வெளிச்சமும் சுவரில் நடுங்கியது. பிறகு லாம்பு, இரண்டு முறை, ஆழமாக இருமியது.

மாமி கதையை நிறுத்தினார்.

“பிள்ளை, லாம்பு ஏன் இருமுது?”

ரவி முகத்தில் ஒரு கோடு அசையாமல் சொன்னார்:

“இஞ்ச சரியான குளிர் அம்மா. லாம்புக்கும் தடிமன் பிடிச்சிட்டுது.”

மாமி எங்களை நெடுநேரம் பார்த்தார். அரும்பத் தொடங்கியிருந்த மகனின் மீசையை, என் வெறும் மூக்கை, எங்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த வெளிச்சத்தை.

“அப்ப அந்த லாம்புக்கு ஒரு மல்லித்தண்ணி அவிச்சுக் குடு பிள்ளை,” என்றார். “முழங்காலுக்கு நல்லெண்ணெயும் பூசிவிடு.”